பிஎஸ் ஜெல்டா: அந்த ரேடியோ குரலோட சேர்த்து முழுசா விளையாட என்ன வழி?

வண்ணாரப்பேட்டை_வீரா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சது, இங்க ரெட்ரோ கேம் ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரிஞ்சதால இப்போ கேக்குறேன்.

நான் நின்டெண்டோவோட ஜெல்டா கேம் பைத்தியம். 1986ல நின்டெண்டோவோட பழைய கன்சோலான ஃபேமிகாம்ல, டிஸ்க் சிஸ்டம்ல வந்த முதல் ஜெல்டால இருந்து கையில கிடைச்சது எல்லாம் விளையாடிட்டேன், முதல் கேமோட செகண்ட் குவெஸ்ட், அதான் ஒரு தடவை முடிச்சதும் வர கஷ்டமான ரெண்டாவது ரவுண்டு, அதைக் கூட மேப் பாக்காம முடிச்சேன். ஆனா ஜப்பான்ல மட்டும், அதுவும் சாட்டிலைட்ல ஒளிபரப்பா மட்டும் வந்த ஒரு ஜெல்டா இருக்கே, பிஎஸ் ஜெல்டா, அது மட்டும் இன்னும் விளையாடல. கடைக்கு கேசட்டா வந்ததே இல்ல, நின்டெண்டோ அதுக்கப்புறம் எந்த கன்சோல்லயும் திரும்ப விடவும் இல்ல. வீடியோ பாத்திருக்கேன், முதல் ஜெல்டாவை, ஃபேமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபேமிகாமோட கிராஃபிக்ஸ்ல பாக்கவே அவ்ளோ அழகா இருக்கு, பச்சை மரம், மலைப்பாறை எல்லாம் புதுசா பெயின்ட் அடிச்ச மாதிரி.

விளையாடும்போது ரேடியோல ஒருத்தர் குரல்ல கதை சொல்லிட்டே வருவாராமே, அதோட சேத்து விளையாடணும்னு ஆசை. நெட்ல தேடினா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் சும்மா ரோம் (கேமோட காப்பி ஃபைல்) போட்டு ஓட்டுன்னு சொல்றார், இன்னொருத்தர் அப்படி ஓட்டினா அது பாதி கேம்தான், குரல் இல்லாம அர்த்தமே இல்லன்னு சொல்றார். என்னோட சந்தேகம் எல்லாம் இதுதான், அந்த குரல் கேமுக்குள்ளயே இல்லையா, இல்லன்னா எங்க இருந்து வருது, இன்னிக்கு அதை எப்படி கேக்குறது, லேப்டாப்ல எமுலேட்டர், அதான் கன்சோல் மாதிரியே கேமை ஓட்டுற சாஃப்ட்வேர், அது போதுமா இல்ல நிஜ சூப்பர் ஃபேமிகாம் வாங்கணுமா, ஏன்னா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒருத்தர்கிட்ட ஒரு ஜப்பான் மெஷின் இருக்கு, விலை பேசிட்டு இருக்கேன். அப்புறம் இதோட தொடர்ச்சி மாதிரி இன்னொண்ணு இருக்காமே, கல்வெட்டு ஜெல்டான்னு சொல்றாங்க, எதை முதல்ல விளையாடணும்?

தெரிஞ்ச அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் விவரமா சொல்லுங்க, நீளமா எழுதினாலும் பரவால்ல, உக்காந்து படிப்பேன்.

---

பர்மாபஜார்_90ஸ்

தம்பி, நல்ல கேள்வி கேட்டிருக்க. நீளமா எழுதினா படிப்பேன்னு நீயே சொல்லிட்ட, அதனால முதல்ல இருந்தே வரேன்.

1995 ஏப்ரல் 23ல நின்டெண்டோ ஜப்பான்ல சாடெல்லாவியூன்னு ஒரு பொட்டி விட்டாங்க. சூப்பர் ஃபேமிகாமோட அடிப்பக்கம் ஒரு கனெக்டர் இருக்கும் பாரு, பாதி பேர் அதோட மூடியை கழட்டியே பாத்திருக்க மாட்டாங்க, அந்த எடத்துல மாட்டுற பொட்டி இது. மேல கேசட் ஸ்லாட்டுல பிஎஸ்-எக்ஸ்னு ஒரு ஸ்பெஷல் கேசட் போடணும், அந்த கேசட் தலைல ஒரு குட்டி மெமரி பேக் சொருகணும், 8 மெகாபிட், அதாவது நம்ம கணக்குல வெறும் 1 எம்பி. டிஷ், பிஎஸ் (ப்ராட்காஸ்ட் சாட்டிலைட்) ட்யூனர் எல்லாம் வீட்டுல ஏற்கனவே இருக்கணும். செயின்ட் கிகான்னு ஒரு சாட்டிலைட் ரேடியோ கம்பெனி, அவங்கதான் நின்டெண்டோவோட கூட்டு சேந்து கேமை வானத்துல இருந்து எறக்கினாங்க. 1995ல! இங்க நம்ம ஊர் பேரே அப்போ மெட்ராஸ்தான், கேபிள்காரன் மொட்டை மாடில ஒயர் இழுத்துட்டு இருந்த காலம், நாங்க பர்மா பஜார்ல கேசட் மாத்த லைன்ல நின்னுட்டு இருந்தோம், அங்க அவன் டிஷ்ல கேம் டவுன்லோட் பண்றான்.

இப்போ உன் முக்கியமான கேள்விக்கு வரேன். அந்த சர்வீஸ்ல சாதாரண கேமும் வந்துச்சு, சவுண்ட்லிங்க்னு இன்னொரு வகையும் வந்துச்சு. சவுண்ட்லிங்க்னா கேம் டேட்டா ஒரு பக்கம் மெஷின்ல ஓடும், அதே நேரத்துல ரேடியோல இருந்து குரல், இசை எல்லாம் நேரடியா வந்து டிவி ஸ்பீக்கர்ல கேக்கும். ரெண்டையும் சேத்து கட்டுறது கடிகாரம். பிஎஸ் ஜெல்டா 1995 ஆகஸ்ட் 6ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 27 வரைக்கும் நாலு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் 6ல இருந்து 7 மணிக்குள்ள வந்துச்சு, நம்ம நேரத்துக்கு அது மத்தியானம் 2.30. ஸ்க்ரீன்ல மேல ஒரு கடிகாரம் ஓடிட்டே இருக்கும். இத்தனை மணி இத்தனை நிமிஷம் ஆச்சுன்னா கதை சொல்றவர் குரல் குடுப்பார், அந்த நிமிஷத்துக்கு கேமுக்குள்ள ஏதாவது நடக்கும், அரக்கன் எல்லாம் அப்படியே உறைஞ்சு நிப்பான், இல்ல தேவதைங்க வந்து உயிர் குடுக்கும், இல்ல கொஞ்ச நேரத்துக்கு பாம் எவ்ளோ போட்டாலும் தீராது. நீ அந்த நேரத்துல எங்க நிக்குறியோ அங்கதான் அது உனக்கு கிடைக்கும், குகைக்குள்ள போய் கடைக்காரன்கிட்ட பேரம் பேசிட்டு நின்னா போச்சு.

அதனால குரல் ரோமுக்குள்ள கிடையாது. இருக்கவும் முடியாது, 1 எம்பி பேக்ல ஒரு மணி நேர குரலும் ஆர்கெஸ்ட்ரா இசையும் எங்க அடங்கும்? அது ரேடியோல வந்துச்சு, காத்துல போயிடுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷன்ல பாட்டு போடும்போது வீட்டுல இல்லன்னா அந்த வாரம் போனது போனதுதான்னு இருந்துச்சுல்ல, கிட்டத்தட்ட அந்த நிலைமை. மறு ஒளிபரப்பு வந்துச்சு, ஆனா அதையும் அவங்க சொன்ன நேரத்துலதான் உக்காந்து விளையாடணும், ராத்திரி பத்து மணிக்கு தூக்கம் வரலன்னு போட்டு விளையாட முடியாது.

2000 ஜூன் மாசத்தோட சர்வீஸை மொத்தமா நிறுத்திட்டாங்க. இன்னிக்கு நம்ம கைல இருக்குறது எல்லாம் யாரோ ஒரு ஜப்பான்காரர் வீட்டு பரண்ல கெடந்த மெமரி பேக்ல அழியாம தங்குனது. அந்த பேக்ல அடுத்த கேம் எறக்கினா பழசு அழிஞ்சிடும், யோசிச்சு பாரு, எத்தனை அழிஞ்சிருக்கும்னு. ரசிகர்கள் பழைய பேக்கை எல்லாம் ஏலத்துல எடுத்து ஒவ்வொண்ணா உள்ள என்ன இருக்குன்னு பாத்து காப்பாத்தினாங்க. குரலை காப்பாத்தினது யாருன்னு கேட்டா, அன்னிக்கு விளையாடும்போது கூடவே விசிஆர்ல ரெக்கார்ட் போட்டு வெச்ச புண்ணியவானுங்க.

எமுலேட்டர் விஷயம் எனக்கு அவ்வளவா ஓடாது, அதுக்கு இங்க சின்ன பசங்க இருக்காங்க, வருவாங்க.

---

எமு_எழில்

அண்ணன் சொன்னதுக்கு மேல வரலாறு நான் சொல்ல ஒண்ணும் இல்ல. ப்ராக்டிகலா என்ன செய்யணும்னு மட்டும் சொல்றேன் ப்ரோ. டவுன்லோட் லிங்க் மட்டும் கேக்காதீங்க, போட மாட்டேன், தேடுற அளவுக்கு விவரம் தரேன்.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஒரிஜினல் டம்ப்பை, அதாவது மெமரி பேக்ல இருந்து எடுத்த காப்பியை, அப்படியே ஓட்டுறது. அதுக்கு பிஎஸ்-எக்ஸ் கேசட்டோட பயாஸ் (அந்த கேசட்டோட உள் ப்ரோகிராம் ஃபைல்) வேணும், எஸ்நெஸ்9எக்ஸ், பிஸ்நெஸ்னு ரெண்டு எமுலேட்டரும் சப்போர்ட் பண்ணும். ஆனா பிஎஸ் ஜெல்டாவை இந்த வழில ஓட்டினா, கேம் ஒளிபரப்பு வரும்னு காத்துட்டு நிக்கும், ஏன்னா நேரத்தை அது சாட்டிலைட்ல இருந்துதான் வாங்கிக்கும். சாட்டிலைட் இல்ல, அவ்ளோதான். நெட்ல பாதி பேர் ஓடலன்னு புலம்புறது இதாலதான்.

ரெண்டாவது வழி, ரசிகர்கள் பண்ண பேட்ச், அதாவது ரோமை மாத்துற சின்ன ஃபைல். அவங்க கேமை சாட்டிலைட் கேக்காத மாதிரி மாத்தி, கடிகாரத்தை கேமுக்குள்ளயே ஓட விட்டு, சாதாரண சூப்பர் ஃபேமிகாம் ரோம் மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. எழுத்தை எல்லாம் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தும் இருக்காங்க. இதுல எம்எஸ்யூ-1 வெர்ஷன்னு ஒண்ணு இருக்கும், அதைத்தான் நீங்க தேடணும். எம்எஸ்யூ-1ங்கிறது சூப்பர் ஃபேமிகாமுக்கு சிடி தரத்துல ஆடியோ ஓட்ட ரசிகர்கள் உண்டாக்கின ஒரு ஏற்பாடு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ. பழைய ரெக்கார்டிங்கை ஆதாரமா வெச்சு, ஆளுங்க உக்காந்து இங்கிலீஷ்ல டப்பிங்கும் பேசி, அதை எல்லாம் இந்த எம்எஸ்யூ-1 மூலமா கடிகாரத்தோட பொருத்தி இருக்காங்க. அதாவது 6 மணி சொச்சத்துக்கு வர வேண்டிய குரல் கரெக்டா அந்த நிமிஷத்துக்கு வரும். காசு வாங்காம பண்ண வேலை, சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு நேர்த்தி.

சிக்குற எடம் ரெண்டு சொல்றேன். பேட்ச் அடிக்கும்போது பிபிஎஸ் வகை பேட்ச் ஃபைல்னா அது மூல ரோமோட செக்சம் (ஃபைல் சரியானதான்னு காட்டுற எண்) பாக்கும், பொருந்தலன்னா எரர் அடிக்கும். அப்போ ரோம் ஃபைல் சைஸை 1024ஆல வகுத்து பாருங்க, மீதி 512 வந்தா அதுல பழைய கேசட் காப்பியர் மெஷின் முன்னால ஒட்டின 512 பைட் ஹெடர் இருக்குன்னு அர்த்தம், அதை வெட்டி எடுத்துட்டு திரும்ப அடிங்க, முக்கால்வாசி நேரம் சரியாயிடும். இன்னொண்ணு ஃபைல் பேரு. ரோம், டாட் எம்எஸ்யூ ஃபைல், டாட் பிசிஎம் ஃபைல் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல இருக்கணும், ரோம் பேரு ஜெல்டான்னா ஆடியோ ஜெல்டா-1, ஜெல்டா-2ன்னு போகணும். ஒரு எழுத்து மாறினாலும் கேம் ஓடும், குரல் வராது, எரரும் காட்டாது. டாட் எம்எஸ்யூ ஃபைல் 0 பைட்டா காலியா இருக்கே, கெட்டுப்போச்சோன்னு நெனச்சு டெலீட் பண்ணிடாதீங்க, அது அப்படித்தான் இருக்கும், அது இருந்தாதான் எமுலேட்டர் ஆடியோவையே தேடும்.

லேப்டாப் எந்த லேப்டாப்பா இருந்தாலும் போதும்.

---

கார்ட்ரிட்ஜ்_கோபால்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். நான் இதை முழுசா விளையாடிட்டேன். முதல் ஜெல்டால மேப் 16க்கு 8, மொத்தம் 128 ஸ்க்ரீன். இதுல 8க்கு 8, 64 ஸ்க்ரீன்தான், பாதி உலகம். வாரத்துக்கு ரெண்டு டன்ஜன் (அரக்கனுங்க இருக்குற பாதாளக் கோட்டை), நாலு வாரத்துல எட்டு, கடைசி வாரம் வில்லன் கேனன், கத முடிஞ்சது. முதல் கேம்ல இருக்குற பெரிய சுகமே வழி தெரியாம அலையுறதுதான், எந்த புதரை எரிச்சா குகை வரும், எந்த பாறைல பாம் வெக்கணும்னு நோட்டுல கோடு போட்டு போட்டு கண்டுபிடிக்கிறது. இதுல மேல கடிகாரம் ஓடுது, ஒருத்தர் காதுல இப்போ அங்க போ இப்போ இங்க போன்னு சொல்லிட்டே இருக்கார். அலையவே விடல.

ஜெல்டா ரசிகன்னா வரலாறுக்காக ஒரு தடவை பாக்கலாம். ஆனா தொலைஞ்சு போன பொக்கிஷம், பெரிய மாஸ்டர்பீஸ்னு எதிர்பாத்து போனா ஏமாந்துடுவீங்க. என் கருத்து இது. சாட்டிலைட்ல வந்த ஸ்பின்-ஆஃப்தான் வேணும்னா ராடிக்கல் ட்ரீமர்ஸ் படிங்க, க்ரோனோ ட்ரிக்கரோட கிளைக்கதை, 1996ல இதே சாடெல்லாவியூல வந்தது, எழுத்து படிச்சு முடிவெடுக்குற கேம், கதை அவ்வளவு அழுத்தமா இருக்கும். 2022ல க்ரோனோ க்ராஸ் ரீமாஸ்டரோட சேத்து அதிகாரப்பூர்வமாவே விட்டுட்டாங்க, இங்கிலீஷ்ல. பேட்ச், ஹெடர்னு எந்த தலைவலியும் இல்ல, காசு குடுத்து வாங்கி விளையாடலாம்.

---

தாம்பரம்_தேவி

கோபால் சார், ராடிக்கல் ட்ரீமர்ஸ் பத்தி சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா பிஎஸ் ஜெல்டா விஷயத்துல எனக்கு உங்களோட ஒத்துப்போகல.

நீங்க அதை எப்படி விளையாடினீங்கன்னு எனக்கு தெரியாது, ஆனா தனியா ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒரே ராத்திரில நாலு வாரத்தையும் தள்ளினா நீங்க சொல்ற மாதிரிதான் தெரியும், பாதி மேப், வழி நெடுக வழிகாட்டி. அது அப்படி விளையாட செஞ்ச கேம் இல்ல. ஊர்ல எல்லார் வீட்டுலயும் ஒரே நேரத்துல ஒரே குரல் கேக்குது, ஒரே நிமிஷத்துல எல்லார் ஸ்க்ரீன்லயும் அரக்கன் உறைஞ்சு நிக்குறான், நீ வேகமா இருந்தா ரெண்டு டன்ஜனையும் முடிச்சு ஸ்கோர் ஏத்தலாம், மெதுவா இருந்தா ஏழு மணி ஆனதும் உன்னை விட்டுட்டு ஒளிபரப்பு போயிடும். கேமை நிறுத்தி பாஸ் (pause) போட்டாலும் ரேடியோ நிக்காது. அந்த அவசரம்தான் இந்த கேமோட உயிரே. மேப் ஏன் சின்னதா இருக்குன்னு கேட்டா, ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு மனுஷன் ஓடி முடிக்கிற தூரம் அவ்ளோதான், அதனாலதான் அப்படி வெச்சிருக்காங்க, சோம்பேறித்தனத்துல இல்ல.

நான் எப்படி பண்ணேன்னு சொல்றேன், வீரா தம்பிக்கு உபயோகமா இருக்கும். வாரத்துக்கு ஒண்ணுதான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கரெக்டா ஆறு மணிக்கு ஹால்ல பெரிய டிவில கனெக்ட் பண்ணி நானும் என் பொண்ணும் உக்காந்துடுவோம். பொண்ணு ஆறாவது படிக்கிறா. ஃபோன் வந்தா எடுக்க கூடாது, பால் பொங்கினாலும் என் வீட்டுக்காரர்தான் பாக்கணும், பாஸ் கெடையாது. எழில் சொன்ன எம்எஸ்யூ-1 வெர்ஷன்தான், குரலை டிவி ஸ்பீக்கர்லயே விட்டோம். முதல் வாரம் அவ கைல கன்ட்ரோலர், நான் பேப்பர்ல மேப் போட்டுட்டு இருந்தேன், திடீர்னு அந்த பெரியவர் குரல் வந்து மந்திரம் ஏதோ நடக்கப்போகுதுன்னு சொன்னதும் இவ டன்ஜனுக்குள்ள ஒரு ரூம்ல மூணு டார்க்நட் நடுவுல மாட்டிட்டு நிக்குறா, அது தெரியுமா உங்களுக்கு, நீல கவசம் போட்டு கேடயத்தோட நேரா வருவானுங்களே, முன்னால வெட்டினா ஏறவே ஏறாது, அவனுங்க. அரை ஹார்ட்தான் பாக்கி. "அம்மா டைம் என்ன, டைம் என்ன"ன்னு கத்துறா, கடிகாரம் ஸ்க்ரீன்லயே இருக்கு, அதை பாக்க கூட அவளுக்கு கண்ணு வரல. நோட்டுல கோடு போட்டு நிதானமா அலையுற ஜெல்டாவும் எனக்கு பிடிக்கும், ஆனா இந்த படபடப்பு அதுல கிடையாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லல. இதுல ஜெல்டா கேம்ல வழக்கமா வர ஹீரோ லிங்க் கெடையாது. பிஎஸ்-எக்ஸ் கேசட்ல ஒரு ஊர் இருக்கும், அதுல உங்களுக்குன்னு ஒரு பையனையோ பொண்ணையோ தேர்ந்தெடுத்துட்டுதான் ஊருக்குள்ளயே போகணும், அந்த ஆளுதான் ஜெல்டா கதை நடக்குற ஹைரூல் நாட்டுக்கு போய் வாள் எடுக்குறது. பையன்னா தொப்பியை பின்பக்கமா திருப்பி போட்டிருப்பான். பொண்ணை தேர்ந்தெடுத்தா பொண்ணு. 1995லயே! நின்டெண்டோ அவங்க சொந்த கன்சோல்ல ஜெல்டா இளவரசியையே கைல குடுத்து முழு கேம் விளையாட விட்டது 2024ல எக்கோஸ் ஆஃப் விஸ்டம் வந்தப்போதான், அதுக்கு கிட்டத்தட்ட முப்பது வருஷம் முன்னாடி ஜப்பான்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொம்பளை பசங்க அவங்க உருவத்துலயே கேனனை அடிச்சிருக்காங்க. என் பொண்ணுக்கு இதை சொன்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, அப்புறம் ஏன் மத்த எல்லாத்துலயும் வெக்கலன்னு. எனக்கு பதில் சொல்ல தெரியல.

---

கார்ட்ரிட்ஜ்_கோபால்

தேவி மேடம், வாரா வாரம் பாஸ் இல்லாம விளையாடுறதுங்கிறது நான் யோசிக்காத விஷயம்தான், அதுல நியாயம் இருக்கு. மேப் சின்னதுங்கிற என் கருத்து அப்படியேதான் இருக்கு, ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி வெட்டினதுன்னு நீங்க சொல்றதை ஒத்துக்குறேன்.

வீரா, கல்வெட்டு ஜெல்டா எதை முதல்லன்னு கேட்டிருந்தல்ல. அது இனிஷிஏ நோ செகிபான், பண்டைய கல்வெட்டுகள். 1997 மார்ச் 30ல ஆரம்பிச்சு நாலு வாரம். அது சூப்பர் ஃபேமிகாம்ல வந்த ஜெல்டா கேமான எ லிங்க் டு த பாஸ்ட் உலகத்துல நடக்குது, அந்த கதை முடிஞ்சு ஆறு வருஷம் கழிச்சு. லிங்க் ஊர்ல இல்ல, இளவரசியும் அகினாங்கிற பெரியவரும்தான் உனக்கு துணை. இதுல வாரா வாரம் மேப்போட சில பகுதியை மேகம் மூடி இருக்கும், உள்ள போக முடியாது, அடுத்த வாரம் விலகும். வாரத்துக்கு ரெண்டு கல்வெட்டு, மொத்தம் எட்டு. என் ரசனைக்கு இதுதான் ரெண்டுல நல்ல கேம், டன்ஜன் எல்லாம் புத்தியை உபயோகிக்க வெக்கும். ஆனா நீ முதல் ஜெல்டா பைத்தியம்னு சொன்னதால பிஎஸ் ஜெல்டாவை முதல்ல போடு, அப்புறம் அதோட மேப் 2ன்னு இன்னொண்ணு இருக்கு, டன்ஜன் எல்லாம் மாத்தி விட்டது, அதை போடு, கல்வெட்டை கடைசியா வெச்சுக்க. எ லிங்க் டு த பாஸ்ட் முடிக்காம மட்டும் கல்வெட்டை தொடாத.

---

சால்டரிங்_செல்வம்

லேட்டா வந்துட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஜப்பான் சூப்பர் ஃபேமிகாம் விலை பேசுறேன்னு எழுதிருக்க, அதை பாத்ததும் வண்டியை ஓரம் கட்டிட்டு டைப் பண்றேன், ஏன்னா இதுல ஒரு தப்பு பண்ணா மெஷின் ஒரே செகண்ட்ல போயிடும்.

அதோட ஒரிஜினல் அடாப்டர் ஜப்பான் கரண்டுக்கு செஞ்சது, 100 வோல்ட். நம்ம வீட்டு ப்ளக்ல 230 வருது. பின்னு பொருந்துதேன்னு கன்வெர்ட்டர் ப்ளக் வெச்சு சொருகிடாத, அந்த கன்வெர்ட்டர் ப்ளக் பின் வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை இல்ல, புகைதான் வரும். ஒண்ணு 230ல இருந்து 100க்கு எறக்குற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கு, இல்லன்னா இங்க கிடைக்கிற 230 அடாப்டர்ல 10 வோல்ட் டிசி, குறைஞ்சது 850 மில்லிஆம்பியர் குடுக்குறதா பாத்து வாங்கு. முனைல நடுவுல மைனஸ் இருக்கணும், இதை அடிக்கோடு போட்டு வெச்சுக்க. கடைல குடுக்குற முக்கால்வாசி அடாப்டர் நடுவுல ப்ளஸ்தான் இருக்கும். அடாப்டர் ஸ்டிக்கர்ல ஒரு சின்ன படம் போட்டிருப்பான், நடுப்புள்ளில இருந்து கோடு மைனஸுக்கு போகுதான்னு பாரு, பாத்தாலும் நம்பாத, மல்ட்டிமீட்டர் வெச்சு ஒரு தடவை அளந்துட்டு சொருகு.

டிவி விஷயம், அது என்டிஎஸ்சி மெஷின், அதாவது ஜப்பான் டிவி முறை, 60 ஹெர்ட்ஸ். இப்போ இருக்குற எல்இடி டிவி முக்கால்வாசி ஏவி இன்புட்ல எடுத்துக்கும். நம்ம ஊர் முறையான PAL மட்டும் எடுக்குற பழைய டப்பா டிவியா இருந்தா படம் கருப்பு வெள்ளையா வரும் இல்ல உருளும், மெஷின் ரிப்பேர்னு நெனச்சு திரும்ப குடுத்துடாத. ஏவி ஒயர் தனியா தேடி அலைய வேண்டாம், நின்டெண்டோ 64, கேம்க்யூப் ஒயர் யார்கிட்டயாவது இருந்தா அதே ஒயர்தான்.

இப்போ குரல். நிஜ மெஷின்ல எம்எஸ்யூ-1 ஓடணும்னா அதுக்கு சப்போர்ட் இருக்குற ஃப்ளாஷ் கார்ட் (ரோமை மெமரி கார்டுல போட்டு ஓட்டுற கேசட்) வேணும், எஸ்டி2எஸ்நெஸ், அதோட புது பேரு எஃப்எக்ஸ்பேக் ப்ரோ. விலை கம்மியா கிடைக்கிற ஃப்ளாஷ் கார்ட்ல கேம் ஓடும், குரல் ஓடாது, கடைக்காரர் எல்லாம் ஓடும்னுதான் சொல்வார், அவரை குத்தம் சொல்லி என்ன பண்றது, எம்எஸ்யூன்னா என்னன்னு அவருக்கு தெரியாது. எஃப்எக்ஸ்பேக் விலையும் இறக்குமதி வரியும் சேத்தா உன் சூப்பர் ஃபேமிகாம் விலையை தாண்டும். அதனால என் யோசனை, இப்போதைக்கு லேப்டாப்ல எமுலேட்டர் போட்டு ஹெச்டிஎம்ஐல டிவிக்கு குடுத்து தேவி மேடம் சொன்ன மாதிரி விளையாடு. மெஷின் வாங்கணும்னு ஆசை இருந்தா வாங்கு, அது தனி சந்தோஷம், ஆனா பிஎஸ் ஜெல்டாவுக்காக மட்டும் வாங்காத.

சாடெல்லாவியூ பொட்டியே கிடைச்சா என்ன பண்றதுன்னு அடுத்து கேப்ப. வாங்கி அலமாரில வெக்கலாம். சிக்னல் அனுப்ப ஆள் இல்ல.

---

பர்மாபஜார்_90ஸ்

செல்வம் சொன்ன அடாப்டர் விஷயத்தை யாரும் லேசா எடுத்துக்காதீங்க, 90கள்ல சிங்கப்பூர்ல இருந்து வந்த மெஷின் எத்தனை இந்த மாதிரி முதல் நாளே போச்சுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொண்ணு சேத்துக்குறேன். இந்த வேலை இன்னும் முடியல. எஃப்-ஜீரோங்கிற ரேஸ் கேமுக்கும் சாடெல்லாவியூல எக்ஸ்ட்ரா ட்ராக் வந்துச்சு, அதுல ஒரு பகுதிக்கு டேட்டாவே யார்கிட்டயும் இல்ல, பழைய வீடியோ ரெக்கார்டிங் மட்டும் மிஞ்சி இருந்துச்சு. ஆளுங்க அந்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து ட்ராக்கை திரும்ப கட்டி எழுப்பிட்டாங்க. விசிஆர்ல ரெக்கார்ட் பட்டனை அமுக்கின அந்த ஆளு இத்தனை வருஷம் கழிச்சு இதெல்லாம் நடக்கும்னு நெனச்சிருப்பாரா சொல்லு. உங்க யார் வீட்டுலயாவது, சொந்தக்காரங்க யாராவது அந்த காலத்துல ஜப்பான்ல வேலை பாத்து கொண்டு வந்த விஹெச்எஸ் டேப், மெமரி பேக் எதாவது இருந்தா தூக்கி போட்டுடாதீங்க, பழைய பேப்பர்காரர்கிட்டயும் போடாதீங்க, இங்க ஒரு வார்த்தை எழுதுங்க. மெமரி பேக்னா கேம் போட்டு பாக்குறேன்னு எதையும் அதுல எழுதிட வேண்டாம், முதல்ல டம்ப் எடுக்கணும்.

---

வண்ணாரப்பேட்டை_வீரா

அண்ணா, அக்கா, ப்ரோ எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, ரெண்டு தடவை படிச்சேன்.

எழில் ப்ரோ, பேட்ச் அடிச்சேன், நீங்க சொன்ன அதே எரர், சைஸ் வகுத்து பாத்தா மீதி 512, வெட்டினதும் போயிடுச்சு. இப்போ குரலும் வருது. டைட்டில் ஸ்க்ரீன் தாண்டி அந்த பெரியவர் பேச ஆரம்பிச்சதும் உடனே நிறுத்திட்டேன், ஏன்னா தேவி அக்கா சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குதான் ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், தங்கச்சியும் வரேன்னு சொல்லிட்டா, மேப் அவ போடுறாளாம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எமுலேட்டர்ல குரல் வருது ஆனா கேமோட சத்தம் அதுக்கு மேல ஏறி நிக்குது, வாள் வீசுற சத்தத்துல பேசுறது பாதி கேக்கல. எதை குறைக்கணும்?

---

எமு_எழில்

கேம் சத்தம், எம்எஸ்யூ சத்தம் ரெண்டும் தனித்தனி ப்ரோ, அதனால எமுலேட்டர் மெயின் வால்யூமை கூட்டி குறைச்சா ரெண்டும் சேந்துதான் ஏறி இறங்கும், பிரயோஜனம் இல்ல. நீங்க எடுத்த பேக்லயே ஆடியோ ரெண்டு அளவுல குடுத்திருக்காங்களான்னு ரீட்மீ படிச்சு பாருங்க, சிலதுல நிஜ மெஷினுக்கு ஒரு அளவு, எமுலேட்டருக்கு ஒரு அளவுன்னு தனித்தனி ஃபோல்டர் இருக்கும். இல்லன்னா பிசிஎம் ஃபைலை நாமளே கொஞ்சம் சத்தம் ஏத்திக்கலாம், ஆனா அந்த ஃபைல்ல முதல் 8 பைட் ஆடியோ இல்ல, எம்எஸ்யூ1ங்கிற அடையாளமும் லூப் எங்க ஆரம்பிக்கணும்ங்கிற எண்ணும் இருக்கு, அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் ஏத்தணும். சனிக்கிழமை நான் ஃப்ரீ, ஃபைல் பேர் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெசேஜ் பண்ணுங்க, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள சரி பண்ணிடலாம்.